பத்து நிமிஷத்தில் கழலும் அலமாரி

— ஸ்க்ரூ பையை நீ பிரிக்கவே இல்லையே, சிக்ஸ்டன்.

— ஆமா, பிரிக்கல.

— அலமாரி முக்கால்வாசி எழும்பி நிக்குது. ஸ்க்ரூ அத்தனையும் பையிலேயே கெடக்கு. நான் கண்ணாடி போட்டுட்டுத்தானே பார்க்கறேன்?

— நல்லாத்தான் பார்க்கறே, குன்வோர். இதுக்கு ஸ்க்ரூ கிடையாது.

— கிடையாதுன்னா? பெட்டியில ஸ்க்ரூ வந்திருக்கு, அந்த வளைஞ்ச சாவி வந்திருக்கு, படம் போட்ட புஸ்தகம் வந்திருக்கு. அதுல அந்தப் பொம்மை ஆளு சிரிச்சுக்கிட்டே முடுக்கறான். நீ மட்டும் எதை வச்சு நிறுத்தினே?

— காந்தம்.

— எது?

— காந்தம். இந்தா, இந்தப் பலகையோட விளிம்பைத் தடவிப் பாரு. காசு மாதிரி வட்டமா ஒண்ணு தட்டுப்படுதா? குழி தோண்டி, பசை வச்சு, உள்ள பதிச்சிருக்கேன். எதிர்ப் பலகையிலயும் அதே எடத்துல இன்னொண்ணு. மில்லிமீட்டர் பிசகாம.

— எங்க... ஐயோ! என் தலைமுடி!

— பொறு, பொறு, அசையாதே. முடி இல்ல, உன் கொண்டைப் பின்னுதான் போய் ஒட்டிக்கிச்சு.

— மெதுவா எடு. முடியோட பிடுங்கிடாதே. இருக்கறதே கொஞ்சம்.

— வந்துடுச்சு. இந்தா. ரொம்பக் கிட்டக்க குனியாதே. இது ஒவ்வொண்ணும் பத்து கிலோ இழுக்கும். நேத்து என் கட்டைவிரலையே கவ்விருச்சு. பாரு, நகம் நீலமாப் போயிருக்கு.

— எழுபத்தஞ்சு வயசுல உனக்கு வெளையாட்டு. பால் பேரிங் ஃபேக்டரியில நாப்பது வருஷம் குப்பை கொட்டினது போதாதுன்னு இப்ப காந்தத்தைக் கையில எடுத்திருக்கே.

— அங்க எங்களுக்குக் காந்தம்னாலே ஆகாது. பேரிங்ல காந்தம் ஏறிட்டா இரும்புத்தூள் ஒட்டிக்கும், சீக்கிரம் தேய்ஞ்சுடும். காந்தத்தை எறக்கறதுக்குன்னே ஒரு மிஷின் வச்சிருந்தோம். நாப்பது வருஷம் எறக்கி எறக்கியே அனுப்பினேன். இப்பத்தான் வேணும்னே சேர்க்கறேன்.

— கனம் தாங்குமா? என் குளிர்காலக் கோட்டு ஒண்ணே ஒரு ஆட்டுக்குட்டி கனம் இருக்கும்.

— கனத்தை இந்த மரமுளை தாங்கும். ஒரு மூட்டுக்கு ரெண்டு. காந்தத்துக்கு ஒரே வேலைதான், பிரியாம பிடிச்சு வச்சிருக்கறது. வா, மேல் பலகையை நீ வையேன்.

— நானா?

— நீதான். முளைக்கு நேரா குழியைக் காட்டு. மிச்சத்தை அதுவே பாத்துக்கும்.

— இப்படியா? இன்னும் கொஞ்சம்... ஹா! டக்குனு உக்காந்திடுச்சு! நான் அமுக்கவே இல்ல, அதுவா இழுத்துக்கிச்சு!

— டிராம்ல ஒரு பெட்டியோட இன்னொரு பெட்டியைக் கோக்கற மாதிரி இல்ல?

— அதவிடப் பதவிசு. டிராம்ல கோத்தா பயணிங்க பல்லெல்லாம் ஆடும். இன்னொண்ணு குடு, இன்னொண்ணு குடு.

— இந்தா. இது நடுவுல.

— ஹா! முப்பது வருஷத்துக்கு முன்னாடியே இதக் கண்டுபிடிச்சிருந்தா கோத்தன்பர்க் பூரா எத்தனை குடும்பம் பொழைச்சிருக்கும். பாதிப் பேரு பிரிஞ்சதே அலமாரி முடுக்கறப்பதான்.

— ம்.

— தமாஷ் பண்ணினேன், சிரிக்கலாம்.

— சிரிச்சேனே.

— மூக்காலயா? சரி விடு. அந்த ஏலக்காய் பன்னை இப்படித் தள்ளு. ஏன் இவ்வளவு சிரமப்படறே? ரெண்டு மணி நேரத்துல முடுக்கற வேலையை ஒரு வாரமா உக்காந்து தோண்டிக்கிட்டிருக்கே. ஸ்க்ரூ என்ன பாவம் பண்ணுச்சு?

— ஸ்க்ரூ பலகையைக் குத்திக்கிட்டுத்தான் பிடிக்கும். எடுத்தா காயம் தெரியும். இது குத்தாம பிடிக்குது.

— குத்தாமயா? நீதான் எல்லாத்துலயும் குழி தோண்டி வச்சிருக்கியே!

— அது முதல் தடவை மட்டும். அதுக்கப்புறம் வலியில்ல.

— பலகைக்கு வலி பாக்கற ஆளு. சரி, தப்பா வச்சுட்டா எப்படி எடுக்கறது? ஒட்டினது ஒட்டினதுதானா?

— அதுலதான் விஷயமே இருக்கு. இந்தா, உள்ளங்கையால கீழேர்ந்து ஒரே தட்டு. வந்துடுச்சா? இப்படியே எட்டுப் பலகையும். கடிகாரம் வச்சுப் பார்த்தேன், மொத்தம் பத்து நிமிஷம். ஒரு கீறல் கிடையாது. நூறு தடவை கழட்டி நூறு தடவை மாட்டலாம்.

— நீ எத்தனை தடவை கழட்டிப் பார்த்தே?

— மூணு தடவை.

— இதப் பாரு, சிக்ஸ்டன். அலமாரி வாங்கியிருக்கேன், முப்பதாந்தேதி வந்து பாருன்னு போன் பண்ணினே. என் துணிக்கு எடம் பண்றேன்னு சந்தோஷமா பஸ் ஏறி வந்தேன். நீ என்னடான்னா அத எவ்வளவு சீக்கிரம் கழட்டலாம்னு கடிகாரத்தைப் பாத்துக்கிட்டிருக்கே.

— சும்மா தெரிஞ்சு வச்சிக்கறதுதான்.

— சும்மாவா. மணி என்ன இப்ப?

— ரெண்டே கால்.

— நாலு மணிக்கு வாடகை ஆபீஸ் மூடிடும். மூணு மணிக்கெல்லாம் நீ காரை எடுக்கணும். வீட்டைக் காலி பண்ற கடிதாசி என் பையிலதான் இருக்கு. மூணு மாசம் முன்னாடியே சொல்லணும், செப்டம்பர் முடியற இன்னிக்கே குடுத்தாத்தான் டிசம்பரோட முடியும்.

— தெரியும்.

— புது வருஷத்துலேர்ந்து ஒரே வீட்டுல இருக்கலாமான்னு நடுக்கோடைத் திருநாள் அன்னிக்கு நீதானே கேட்டே? பதினோரு வருஷமா புதன்கிழமை நீ என் வீட்டுக்கு, சனிக்கிழமை நான் உன் வீட்டுக்கு. போதும் இந்த அலைச்சல்னு நீதானே சொன்னே?

— நான்தான் சொன்னேன்.

— நான் ஒரு வாரம் யோசிச்சேன். அப்புறம், சரி, என் வீட்டைக் காலி பண்ணிடறேன்னேன். நீ ஒண்ணுமே சொல்லல.

— அப்ப என் வாயில உருளைக்கிழங்கு இருந்துச்சு.

— மூணு மாசமா மென்னுக்கிட்டிருக்கியா?

— பொறு, இந்தக் கடைசிப் பலகை ஏன் உக்கார மாட்டேங்குது?

— தள்ளிக்கோ, நான் வைக்கறேன். அட! இது என்னையே தள்ளுதே! உள்ள யாரோ நின்னுக்கிட்டு வெளிய போ, வெளிய போன்னு தள்ற மாதிரி இருக்கு.

— முகம் மாறிடுச்சு. காலையில இதுல ஒரு காந்தம் கழண்டு வந்துச்சு, திரும்ப ஒட்டினேன். தலைகீழா ஒட்டியிருக்கேன். ஒரே முகம் ரெண்டும் எதிரெதிரா பாத்துக்கிட்டா சேராது, தள்ளும்.

— நீயா தலைகீழா ஒட்டினே? மில்லிமீட்டர் சிக்ஸ்டனா?

— கை தவறிடுச்சு.

— உனக்குக் கை தவறாது. மனசு எங்க இருந்துச்சு?

— அந்தச் சின்ன உளியைக் குடு. நோண்டி எடுத்துட்டுச் சொல்றேன்.

— இந்தா. நோண்டிக்கிட்டே சொல்லு.

— உல்லாவுக்கும் எனக்கும் முடிஞ்சப்போ... இத உனக்கு நான் சொன்னதில்ல.

— உல்லாவைப் பத்தி நீ எதைத்தான் சொல்லியிருக்கே? உன் முதல் பெண்டாட்டி, தெக்கத்திப் பக்கம், உன் மக மாலினோட அம்மா. பதினோரு வருஷத்துல எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

— வீட்டுல இருந்த புஸ்தக அலமாரி, கட்டில், மாலின் படிக்கிற மேசை எல்லாமே இதே மாதிரி பெட்டியில வந்தது. பாதி அவளுக்கு, பாதி எனக்கு. ரெண்டு பேருமா உக்காந்து ரெண்டு நாள் கழட்டினோம். அவ அந்தப் படப் புஸ்தகத்தைக் கடைசிப் பக்கத்துலேர்ந்து முன்னால திருப்பிக்கிட்டே வந்தா. இப்ப பதினெட்டாவது படம், அந்த நீளமான ஸ்க்ரூவை எடு. இப்ப பதினேழு.

— பின்னாலேர்ந்தா?

— பின்னாலேர்ந்து. சண்டையே போடல. காபி குடிச்சோம். ஸ்க்ரூவை எல்லாம் டப்பா டப்பாவாப் பிரிச்சு மேல பேரு எழுதினோம். அவ கையெழுத்து அழகா இருக்கும். முதல் பக்கத்துக்கு வந்து சேர்ந்தப்போ தரை முழுக்க வெறும் பலகை. இனிமே திருப்பறதுக்குப் பக்கம் இல்லைன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா.

— அடப் பாவமே.

— அதுலயும் பாரு, அவ புது வீட்டுல கொண்டுபோய் மாட்டினா ஒண்ணும் நிக்கல. மரத்தூள் பலகை ஒரு தடவைதான் ஸ்க்ரூ தாங்கும். ரெண்டாவது தடவை ஓட்டை பொடிஞ்சு உதிர்ந்துடும். அத்தனையும் குப்பைக்குப் போச்சு. என் பாதியும்தான். அப்பவே நெனச்சேன், ஒரு வீட்டை விட்டுக் கிளம்பணும்னா, எதுவும் உடையாம கிளம்பற மாதிரி முதல்லயே செஞ்சிருக்கணும்னு.

— ஓ.

— என்ன ஓ?

— இப்பப் புரியுது. இது நான் வர்றதுக்குச் செஞ்ச அலமாரி இல்ல. நான் கிளம்பறதுக்குச் செஞ்சது.

— குன்வோர், நான் அப்படி...

— பத்து நிமிஷம். கீறல் கிடையாது. எழுபத்திரண்டு வயசுக் கிழவி தானே தட்டித் தட்டி எடுத்துக்கிட்டுப் போயிடலாம். ரொம்ப நல்லா யோசிச்சிருக்கே.

— நான் சொல்ல வந்தது வேற.

— இரு, நான் முடிக்கல. முப்பத்தோரு வருஷம் டிராம் ஓட்டினவ நான். ஏறும்போதே எறங்கற கதவு எங்கன்னு பாக்கற ஆளைக் கண்ணாடியிலயே கண்டுபிடிச்சிடுவேன். அவன் டிக்கெட் எடுத்திருக்க மாட்டான்.

— காபி ஆறுது.

— ஆறட்டும். அந்த வீடு எனக்கு என்னன்னு உனக்குத் தெரியுமா? ரக்னாரைக் கட்டிக்கிட்டு இருபது வருஷம் அவன் அம்மா வீட்டுல இருந்தேன். தட்டு அவங்க வாங்கினது, திரை அவங்க தச்சது. ஒரு கரண்டியைக்கூட நான் பொறுக்கி எடுத்ததில்ல. அத விட்டு வந்து, வாடகை வீட்டு வரிசையில பேரு குடுத்துப் பன்னெண்டு வருஷம். யார் யார் வீட்டு அறையிலயோ ஒண்டிக்கிட்டுக் காத்திருந்தேன். உங்க முறை வந்துடுச்சுன்னு கடிதாசி வந்தப்போ எனக்கு ஐம்பத்தெட்டு.

— முதல் நாள் முட்டை.

— ஆமா, முதல் நாள் முட்டை. நாற்காலிகூட இல்ல. சமையக்கட்டுத் தரையில உக்காந்து முட்டை அவிச்சுத் தின்னேன். உப்பு வாங்க மறந்துட்டேன். ஜன்னலுக்குக் கீழ என் டிராம் போச்சு, வேற யாரோ ஓட்டிக்கிட்டுப் போனாங்க. அந்த முட்டை மாதிரி ஒண்ண அதுக்கு முன்னாடியும் தின்னதில்ல, பின்னாடியும் தின்னதில்ல.

— எனக்குத் தெரியும்.

— தெரிஞ்சா சரி. அதத்தான் விட்டுட்டு வர்றேன்னு சொன்னேன். விட்டா திரும்பக் கிடைக்காது. மறுபடியும் வரிசையில நின்னா எண்பத்து நாலு வயசுல சாவி குடுப்பாங்க, நான் வாங்கறதுக்கு இருந்தா. அவ்வளவையும் யோசிச்சுட்டுத்தான் சரின்னேன். அழுதேன், அப்புறம் சரின்னேன்.

— அழுதியா? நீ அதச் சொல்லலையே.

— நீ கேக்கலையே.

— இங்க வந்தா நீ பாடறதில்ல, குன்வோர்.

— என்ன?

— அங்க மீன் வறுக்கும்போது பாடுவே. பாதி வார்த்தை மறந்துடும், ல-ல-லான்னு நிரப்பிக்குவே. இங்க சனிக்கிழமை தவறாம வர்றே, ஒரு தடவை பாடினதில்ல. கரண்டி எங்க, உப்பு எங்கன்னு கேட்டுக் கேட்டு எடுக்கறே. பதினோரு வருஷமா அதே டப்பாவுலதான் உப்பு இருக்கு.

— பழகிடும்.

— பழகுமா?

— பழகாட்டி என்ன, பாடாம இருந்தா செத்தா போயிடுவேன்? ரேடியோ வச்சுக்கறேன். நீ மட்டும் என்னவாம்? புதன்கிழமை வந்தா பல் தேய்க்கிற ப்ரஷ்ஷைக்கூட ஈரத்தோட ஜேபியில போட்டுக்கிட்டுத் திரும்பறே.

— நீதானே சொன்னே, முதல் வருஷம். இது என் வீடு, இங்க யாரும் எதையும் விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு.

— அது... அப்ப எனக்குப் பயம். அத இன்னுமா புடிச்சு வச்சிருக்கே?

— நீ அளவு சொன்னே. நான் மாத்தல.

— மனுஷன் வாயத் திறந்து கேட்டிருக்கலாம்ல, இன்னும் அப்படித்தானான்னு.

— கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?

— சரி விடு, இனிமே அது எதுக்கு. சோஃபாவையும் குடுத்தாச்சு.

— எத குடுத்தே?

— அந்தப் பச்சை சோஃபாவை. தேவாலயத்துப் பழைய சாமான் கடைக்கு. நாளைக்குக் காலையில ரெண்டு பேரு வந்து தூக்கிட்டுப் போவாங்க.

— வேணாம்! போன் பண்ணு. வர வேணாம்னு சொல்லிடு.

— உனக்கு என்ன வந்துச்சு? இங்க ரெண்டு சோஃபா இருக்கு.

— அது நல்ல சோஃபா.

— முதுகு ஒடியுதுன்னு பதினோரு வருஷமா அதத் திட்டினியே!

— திட்டினேன். இருந்தாலும் நல்ல சோஃபா.

— உனக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல. மணி மூணாகப் போகுது. பேனா எங்க? கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

— பேனா தெரியாது.

— உன் மூக்குக்கு நேரா அலமாரியில ஒட்டிக்கிட்டு நிக்குது. எடு... நானே எடுத்துக்கறேன். குன்வோர்... லிண்ட்... க்விஸ்ட். ஆச்சு. போய்ச் சாவியை எடுத்துட்டு வா.

— அத இப்படிக் குடு.

— படிக்கப் போறியா? நாலு வரிதான். ஏய், என்ன பண்றே!

— ஒண்ணும் பண்ணல.

— என் கடிதாசியை ரெண்டு பலகைக்கு நடுவுல வச்சு மூடிட்டே!

— இழுக்காதே, கிழிஞ்சுடும்.

— அப்ப தட்டி எடு. மொத்த அலமாரிக்கே பத்து நிமிஷம்னா இது பத்து செகண்டு வேலை.

— எடுக்க மாட்டேன்.

— சிக்ஸ்டன், என்னைப் பாரு. பலகையைப் பாக்காதே, என்னைப் பாரு. நேராக் கேக்கறேன். நான் இந்த வீட்டுக்கு வந்து இருக்கறதுல உனக்கு இஷ்டமா, இல்லையா? எதுவானாலும் தாங்கிக்குவேன்.

— இல்ல.

— சரி. என் கோட்டு எங்க?

— பொறு.

— மூணே காலுக்கு ஒரு பஸ் இருக்கு. நகரு.

— பொறு, குன்வோர். எனக்குக் கோவையாப் பேச வராது, உனக்குத் தெரியும். அதான் ஒரு வாரமா இதச் செஞ்சுக்கிட்டிருந்தேன், செஞ்சு முடிச்சா பேச்சு வந்துடும்னு. அந்தப் பத்து நிமிஷம் நீ கிளம்பறதுக்கு இல்ல.

— வேற யாரு கிளம்பறதுக்கு?

— நான். என்னிக்காவது உனக்கு மூச்சு முட்டுச்சுன்னா நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். புஸ்தகத்தைப் பின்னாலேர்ந்து திருப்ப வேணாம், யாரையும் கூப்பிட வேணாம். நான் கழட்டி எடுத்துட்டு வந்துடுவேன், சாமான் இருந்த அடையாளமே உனக்குத் தெரியாது.

— எங்கேர்ந்து எடுத்துட்டு வருவே? உளறாதே. இது உன் வீடு.

— உன் படுக்கையறையில கதவுக்குப் பின்னாடி ஒரு சுவரு சும்மா இருக்கே, அத அளந்துட்டுத்தான் இத வாங்கினேன், குன்வோர். உள்ள தொங்கப் போறது என் சட்டைங்க, நீ சரின்னு சொன்னா.